ஓடாத முயல்

தேயிலை விலை விழுந்து, எங்கள் எஸ்டேட் பூட்டிக் கிடந்த நேரம். பிள்ளைகளின் பசி பொறுக்காமல் என் கணவர் ஒரு காட்டு முயலைக் கொண்டுவந்தார்.

"கண்ணி வச்சீங்களா?" என்றேன்.

"இல்ல புள்ள. தேயிலைச் செடிக்கடியில உக்காந்து என்னையே பாத்துச்சு. தூக்குனேன், திமிரவே இல்ல."

ஆளைக் கண்டும் ஓடாத முயலுக்கு நோய் இருக்கும் என்பார்கள். ஆனாலும் அறுத்தேன். ஈரலெங்கும் வெள்ளைப் புள்ளிகள். குடலை வீட்டின் பின்புறம் எறிந்தேன். எப்போதும் பாய்ந்து வரும் காக்கைகள் மரத்தில் அமர்ந்தபடி சத்தமில்லாமல் குனிந்து பார்த்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

"வேணாங்க, பொதச்சிருங்க."

"நல்லா வேக வச்சா?" என்று அவர் பிள்ளைகளைப் பார்த்தார்.

"வேணாங்க."

புதைத்துவிட்டார். சின்னவள் அழுதழுதே தூங்கிப்போனாள். பசியில் அப்படியே போய்விடுவாளோ என்று இரவெல்லாம் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நோய் முயல்தானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. விடிந்ததும் அவள் எழுந்து, "பசிக்குதும்மா" என்று மறுபடி அழுதபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.