கினோவா வடித்த தண்ணீர்

2024 ஜூன் 11, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்தேன். பிரஷர் மாத்திரை, நடை, குளியல், கினோவா உப்புமா. குன்னத்தில் பஸ் ஏறினேன். பெரம்பலூரில் இறங்கும்போது கால்கள் ஈரச் சாக்குபோல் கனத்தன. நெஞ்சு விட்டுவிட்டு அடித்தது. "பாத்து எறங்குங்க சார்" என்று கண்டக்டர் கையைப் பிடித்தார்.

இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரையால் என் சிறுநீரகங்கள் பழுதுபட்டுள்ளன. அது தெரிந்தும் மைத்துனன் அரியலூரிலிருந்து கினோவா என்ற தென்னமெரிக்க மலைத் தானியத்தை வாங்கி வந்தான். "அரிசியத் தொடாதீங்க மாமா. அம்புட்டும் சத்துன்னு கடைக்காரரு சொன்னாரு."

பாக்கெட்டில் நூறு கிராமுக்குப் புரதம் பதினான்கு கிராம், நார்ச்சத்து ஏழு என்று அச்சிட்டிருந்தார்கள். பொய்யில்லை. ஆனால் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் ஐந்நூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். வெள்ளை அரிசியைவிட நாலைந்து மடங்கு. அந்த வரியே இல்லை. பனிமலைப் படத்துக்கு மட்டும் அட்டையில் இடமிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஹைப்பர்கலீமியா (இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து இதயத் துடிப்பு குலைவது) என்றார்கள். ஊசி மருந்தில் குறையாவிட்டால் அன்றே டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தல்).

"என்ன சாப்புட்டாரு?" என்று டாக்டர், தகவல் தெரிந்து வந்த என் மனைவியைக் கேட்டார்.

"ரெண்டு மாசமா கினோவாதான் சார். நீங்க காய்க்குச் சொன்ன மாதிரியே நெறைய தண்ணில வேகவச்சு வடிச்சுட்டுத்தான் தாளிப்பேன்."

"வடிச்ச தண்ணி?"

"அதப் போயி கீழ ஊத்துவாங்களா? மோரும் உப்பும் போட்டு இவங்களுக்குக் குடுத்துருவேன். சத்தெல்லாம் அதுலதான சார் இருக்கு?"

டாக்டர் பேனாவை மூடினார். "ஆமாம்மா. அதுலதான் இருக்கு."

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. சோறு வடிக்கும் எந்த வீட்டிலும் கஞ்சியை யாரும் கொட்டுவதில்லை. வடிக்கச் சொன்ன டாக்டர், பொட்டாசியம் தண்ணீரோடு போகத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விற்றவர், சாப்பிடுவது யார் என்று கேட்டிருக்கலாம்.

மைத்துனன் கட்டிலருகே நின்றான். "நல்லதுன்னுதான மாமா குடுத்தாரு..."

"நல்லதுதான் மாப்ள. அவரு கடைக்கு."

ஊசியிலேயே பொட்டாசியம் குறைந்தது. வெள்ளிக்கிழமை வீடு திரும்பினேன். இதே நோயுள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: யார் சத்து என்று நீட்டினாலும், பொட்டாசியம் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். முன்பு மகளின் கல்யாணம்வரை திட்டமிடுவேன். இப்போது என் காலம் அடுத்த இரத்தப் பரிசோதனையோடு முடிந்து, அங்கிருந்து மறுபடி தொடங்குகிறது. உள்ளே போகும் ஒவ்வொரு கவளத்தையும் உடம்பு சந்தேகிக்கிறது.

வீடு திரும்பிய மறுநாள் காலை என் மனைவி கேரட்டை வேகவைத்து வடித்தாள். பழக்கத்தில் கை தண்ணீரைச் சொம்பில் ஏந்திவிட்டது. நான் முதல் வேலையாக அதை வாங்கிப்போய்க் கொல்லையில் கொட்டினேன். மண் முழுவதையும் குடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.