கிளிஃபர்ட் மாமாவின் இடது கை

லிங்கராஜபுரத்தில் எங்கள் சர்ச் வாத்தியக் குழுவை அறிந்தவர்களுக்கு கிளிஃபர்ட் மாமாவைத் தெரியாமல் இருக்காது. என் அக்கா ஜூடித்தின் வீட்டுக்காரர். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார்; ஞாயிறானால் டிரம்பெட் வாசிப்பார். வலது கையில் டிரம்பெட், இடது கை பேன்ட் பாக்கெட்டில். அந்தத் தோரணையில் குழுவே சொக்கிப் போயிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் பாக்கெட்டில் கைவிட்டு ஊதிப் பழகினார்கள். நானும்தான், பொய் சொல்வானேன்.

அவருடைய மகள் ஹெலனுக்கு ஈஸ்டர் முடிந்து கல்யாணம் என்று நிச்சயமானது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நாங்க சர்ச்சுல இருந்து வெளிய வர்றப்ப நீதாம்பா வாசிக்கணும். வேற யாரும் வேணாம்."

மாமா தலையாட்டிவிட்டார். ஆனால் வீட்டில் பழகும்போது பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்வார். அக்கா குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. இடது தொடை இடுக்கில் ஒரு வீக்கம். நின்றால் வரும், படுத்தால் உள்ளே போய்விடும். ரொம்ப நாளாகவே அப்படித்தானாம்.

சர்ஜன் யசோதா மேடத்திடம் போகுமுன்பே அக்கா அவரை ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மெஷின் சொன்னால்தான் அவள் நம்புவாள். படுக்கவைத்து, "முக்குங்க சார்" என்றாள் அங்கிருந்த பெண். மனிதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வயிற்றை விட்டுவிட்டு இரண்டு கன்னத்தையும் மட்டும் உப்பவைத்தார். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தது. அக்கா தெருவுக்கே மைசூர் பாக் கொடுத்தாள்.

யசோதா மேடம் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்தார்.

"ஸ்கேன் படுத்திருந்தவரைத்தானே பார்த்துது? நான் நிக்கறவரைப் பார்க்கணும். திரைக்குப் பின்னாடி வாங்க. இருமுங்க."

மாமா கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டு, பிரசங்கத்துக்கு நடுவே இருமுவதுபோல 'க்கும்' என்றார்.

"இதெல்லாம் ஒரு இருமலா? எப்ப வெளிய வருது, அதைச் சொல்லுங்க."

"டிரம்பெட் ஊதறப்ப மேடம்."

"அப்ப அதையே கொண்டு வாங்க."

கூடப் போயிருந்த நான் ஓடிப்போய், வெளியே நின்ற அவருடைய ஸ்கூல் பஸ்ஸிலிருந்து எடுத்து வந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து கீர்த்தனை கிளம்பியது. வெளியே காத்திருந்தவர்கள் கதவு வழியே எட்டிப் பார்த்தார்கள். பாட்டு அடுத்த அடிக்குப் போயும், "இன்னும் வரலையே" என்றார் மேடம். அப்புறம் கேட்டார்: "அந்தக் கை ஏன் அங்க இருக்கு?"

டிரம்பெட் நின்றது.

"எடுங்க அதை. இப்ப ஊதுங்க."

உச்ச ஸ்வரம் ஏறியதுதான் தாமதம், "ஆங், வந்துடுச்சு! ஹெர்னியாதான்!" என்று மேடம் கூவினார். பாட்டுக்காக வெளியே கைதட்டினார்கள். எனக்கோ சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாங்கள் ஸ்டைல் என்று கொண்டாடியது, மனிதர் வீக்கத்தை அமுக்கிப் பிடித்திருந்த கையை!

"கல்யாணம் வரைக்கும் பெல்ட் போட்டு ஓட்டிடலாமா?" என்று மாமா கெஞ்சினார்.

"இவ்வளவு நாள் கையாலயே பெல்ட் போட்டிருந்தீங்க. போதும். குடல் வெளிய மாட்டிக்கிச்சுன்னா பெல்ட் காப்பாத்தாது."

அடுத்த பஞ்சாயத்து, எந்த ஆபரேஷன் என்பது. கூட பஸ் ஓட்டும் கோவிந்தப்பா வீட்டுக்கே வந்து சட்டையைத் தூக்கிக் காட்டினார். "நோடு குரு, இங்க பாரு, மூணே மூணு ஓட்டை. லேப்ராஸ்கோப்பி. சீக்கிரமே வண்டி எடுத்துட்டேன்." அக்காவோ, திறந்து கண்ணால் பார்த்துத் தைப்பதுதான் தையல் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"ரெண்டுலயும் உள்ள வலை வெச்சுத்தான் பலப்படுத்துவோம்" என்றார் மேடம். "ஓட்டை போட்டா வலி கம்மி, சீக்கிரம் நடமாடலாம், ஆனா முழு மயக்கம், தொண்டையில குழாய் போடணும். திறந்து செஞ்சா தழும்பு கொஞ்சம் பெருசு. முதுகுல ஊசி போட்டா போதும், முழிச்சிருக்கலாம். உங்களுக்கு ரெண்டுமே ஒத்துவரும்."

"தொண்டைல குழாயா? வேணவே வேணாம்" என்றார் மாமா. முதுகில் ஊசி போட்டு, மேஜையில் படுத்தபடி கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே ஆபரேஷன் செய்துகொண்டார்.

மேடம் சொல்லும்வரை ஊதக்கூடாது என்று அக்கா டிரம்பெட்டை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்தாள். அனுமதி கிடைத்தும் மாமா அதைத் தொடவில்லை. தையல் விட்டுப்போகுமோ என்று பயம். கல்யாண நாள் காலையிலும் முகம் வெளிறித்தான் இருந்தது.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு ஹெலனும் மாப்பிள்ளையும் திரும்பினார்கள். வாசலில் மாமா டிரம்பெட்டைத் தூக்கினார். குழு மொத்தமும் வழக்கம்போல இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டது. பட்டுப்புடவையில் வந்திருந்த யசோதா மேடம் பெண்ணைப் பார்க்கவில்லை. மாமாவின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஸ்வரம் நடுங்கியது. இடது கை பாக்கெட் வரைக்கும் போய் நின்றது. பிறகு மேலே வந்து டிரம்பெட்டைப் பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் பிடித்து, உச்ச ஸ்வரத்தில் நின்று நின்று ஊதினார். ஹெலன் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அப்பாவிடம் ஓடினாள்.