சின்ன விளக்குமாற்றின் கோடுகள்

முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் மொண்டிசோரி முறை படித்தபோது, பிள்ளை செய்து முடித்த வேலையை அதன் கண்முன் திருத்தக் கூடாது என்று கொப்பியில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். கண்முன் தானே கூடாது என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மகளுக்கு நாலரை வயது. நெளுக்குளத்தில் எங்கள் வீட்டு முற்றம் மணல். ஈர்க்கு விளக்குமாறு ஒன்றை அவளுடைய கைக்கு அளவாக வெட்டிக் கட்டிக் கொடுத்தேன். கிணற்றடிப் பக்கம் அவளுடையது. வேப்பஞ்சருகில் பாதியைக் கூட்டுவாள், மீதி அப்படியே கிடக்கும். தெருவால் போகிறவர்கள் இந்த வீட்டில் பொம்பிளை இல்லையோ என்று கேட்பார்களே என்று எனக்குப் பதறும். அவள் முகம் கழுவப் போனதும் பெரிய விளக்குமாற்றால் இன்னொரு தரம் கூட்டிவிடுவேன்.

ஒரு காலை அவள் தன் விளக்குமாற்றைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“நீங்கள் பிறகு கூட்டுவியள்தானே.”

எப்படித் தெரியும் என்றதற்கு மணலைக் காட்டினாள். அவளுடைய ஈர்க்கு கிழிக்கும் கோடுகள் குறுகலானவை. அங்கே கிடந்தவை அகலமான வளைவுகள். அவள் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

நாலு நாள் அவள் கூட்டவில்லை. ஐந்தாம் நாள், இனி உன் பக்கத்தை நான் தொடமாட்டேன் என்றேன். நம்பாமல்தான் கூட்டினாள், வழக்கத்தைவிடக் குறைவாக.

அன்று பார்த்துக் கணவரின் அக்கா ஜெயபுரத்திலிருந்து வந்தார். படலையைத் திறந்ததும் சருகுதான் அவர் கண்ணில் பட்டது.

“இண்டைக்கு முத்தம் கூட்டேல்லையோ பிள்ளை?”

பையை வைத்துவிட்டுப் பெரிய விளக்குமாற்றைத் தானே எடுத்தார். உதவி செய்யத்தான். மகள் வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

“விடுங்கோ மச்சாள். அது அவள் கூட்டினது.”

“ஓமோ? அப்ப மிச்சத்தை ஆர் கூட்டுறது, காத்தோ?”

சிரித்துக்கொண்டே அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். இந்தக் கதை ஜெயபுரம் வரைக்கும் போகும் என்று நினைத்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினேன். சீனி போட மறந்துவிட்டேன்.

மறுநாள் மகள் எழும்பியதும் நேரே கிணற்றடிக்குப் போய்க் குந்தியிருந்தாள். மச்சாளின் செருப்புத் தடத்துக்கும் கோழிக்கால் தடத்துக்கும் இடையில் நேற்றைய குறுகலான கோடுகள் அழியாமல் இருந்தன. ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் விளக்குமாற்றைத் தேடி எடுத்தாள்.

நான் குசினிக்குள் போய், எட்டிப் பார்க்காமல் இருப்பதற்காக, கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவினேன்.