சூடு தெரியாத கால்

வெரோனிகாவுக்குச் சோறு போட்டது அவள் கால்தான். செஞ்சியிலிருந்து வல்லம் போகிற ரோட்டில் ஒரு ரைஸ் மில், அங்கே இருபது வருஷமாகக் களத்து வேலை. அவிச்ச நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, உச்சி வெயிலில் வெறுங்காலால் துழாவிக்கொண்டே நடக்கணும். செருப்புப் போட்டால் அரிசி நொறுங்கும், மேஸ்திரி சேசுராஜ் திட்டுகிற திட்டில் காதும் நாறும்.

நாற்பத்தெட்டு வயசில் சக்கரை வந்தது. யாரோ டிரஸ்ட்காரர்கள் வந்து அவள் போனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தார்கள். எத்தனை அடி நடந்தாள் என்று எண்ணும். வாராவாரம் ஒரு பொம்பளைக் குரல் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். மாத்திரை போட்டீர்களா? பாதத்தில் எரிச்சல் உண்டா? இருந்தால் ஒன்றை அழுத்தணும், இல்லாவிட்டால் இரண்டை. நல்ல காரியம்தான், குத்தம் சொல்லக்கூடாது. வெரோனிகா டீயில் சர்க்கரையை நிறுத்தினாள், சோற்றைக் குறைத்துக் கேழ்வரகுக்கு மாறினாள். நடைக்கு என்ன குறைச்சல்? களத்திலேயே தினம் இருபதாயிரம் அடி. இந்த வட்டாரத்தில் நீங்கள்தான் முதல் என்று போன் பாராட்டியது. மகள் எலிசபெத் அதைத் தெருவெல்லாம் காட்டினாள்.

ஆறு மாசம் ஒன்றையே அழுத்தினாள். படுத்தால் பாதம் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும். அப்புறம் ஒரே வாரத்தில் எரிச்சல் அடியோடு நின்றுபோனது. இரண்டை அழுத்தினாள். "மகிழ்ச்சி, இப்படியே தொடருங்கள்" என்றது குரல். அடப்பாவி மெஷினே, உனக்கென்ன தெரியும்!

களத்துச் சூடுகூட இப்போது உறைக்கவில்லை. மற்ற பொம்பளைங்க துடித்துக்கொண்டு நிழலுக்கு ஓட, இவள் நடுக்களத்தில் சாவகாசமாக நடந்தாள். "எனக்குச் சக்கரை வுட்டுப்போச்சிடி" என்று கூட வேலை செய்த ரஞ்சிதத்திடம் பெருமையடித்தாள். சேசுராஜ் சும்மா இருப்பானா? பன்னிரண்டிலிருந்து மூணு மணி வரைக்கும் அவளைத் தனியாகவே நெல்லில் இறக்கிவிட்டான். அவளும் சிரித்துக்கொண்டே இறங்கினாள், பாவி மக.

நாத்தம்தான் முதலில் தெரிந்தது. ஏதோ செத்துக்கிடக்குது என்று எலிசபெத் கட்டிலுக்கடியில் தேடினாள். அம்மாவின் உள்ளங்கால் வெந்து, கொப்புளம் உடைந்து, எலும்புவரை அழுகியிருந்தது.

பெரியாஸ்பத்திரி டாக்டர் கத்தினார். "இவ்ளோ ஆயிருக்கு, வலிக்கலியாம்மா ஒனக்கு?"

"இல்ல சார். அதான் நல்லாயிடுச்சின்னு இருந்துட்டேன்."

"நரம்பு செத்துப்போச்சும்மா. அதான் வலிக்கல."

முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுமாசம் சேசுராஜ் நாலு ஆரஞ்சுப்பழத்தோடு வந்தான். பழத்தைக் கொடுத்த கையோடு, "எக்கா, ஒன் எடத்துக்கு ஆளு கேக்குறாங்க. பொண்ண அனுப்புறியா, வேற யாரயாச்சும் போடட்டா?" என்றான். புருஷன் போய்ச்சேர்ந்து பத்து வருஷம், வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. எலிசபெத் போனாள்.

முதல் நாள் சாயங்காலம் நொண்டிக்கொண்டே வந்து வாசப்படியில் உட்கார்ந்தாள். பாதம் ரெண்டும் செக்கச்செவேலென்று இருந்தது. வெரோனிகா தரையில் தவழ்ந்து வந்து அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சுட்டுச்சாடி?"

"உசுரே போச்சும்மா. இப்பவும் எரியுது."

"எரியட்டும்" என்றாள் வெரோனிகா. "மாதாவே, தெனம் எரியட்டும்."