முழங்கால் தண்ணீரில் ஒரு லைஃப் ஜாக்கெட்

பழவேற்காடு ஏரியைத் தமிழ்நாடும் ஆந்திராவும் சேர்ந்து காப்பாற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார் தமிழ்நாட்டு அதிகாரி ஒருவர். தெலுங்கு தெரிந்த வாத்தியார் என்பதால் தோணிரேவில் என்னையும் படகில் ஏற்றினார்கள். அதிகாரி வெள்ளைச் சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். நிமிஷத்துக்கு ஒருமுறை அதன் கொக்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எல்லை என்று அவருடைய போன் காட்டிய இடத்தில் படகை நிறுத்தச் சொன்னார். எதிரே, கூப்பிடு தூரத்தில், பேச்சுவார்த்தைக்கு வந்த ஆந்திர அதிகாரியின் படகும் நின்றது.

"அவங்கதான் முதல்ல நம்ம படகுக்கு வரணும். அதுதான் முறை" என்றார் இவர். அங்கிருந்தவரும் அதையே சொல்லியிருப்பார் போல. ஒரு மணி நேரம் இரண்டு அரசாங்கங்களும் வெயிலில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

எங்கள் படகோட்டி கோலைச் சேற்றில் ஊன்றிவிட்டு இறங்கினார். தண்ணீர் அவர் முழங்காலைத்தான் தொட்டது. நடந்துபோய், அந்தப் படகோட்டியிடம் பேசி, பீடி பற்றவைத்துக்கொண்டு திரும்பினார்.

"என்னய்யா பேசின?" என்றார் அதிகாரி.

"பாடு விசயம் சார், வலை போடற முறை. நாளிக்கி அவங்க ஊரு, மறுநாளு எங்க ஊரு. எறா குஞ்சு கீற பக்கம் ரெண்டு ஊருமே போறதில்லனு பேசிக்கினோம்."

அதிகாரி கொக்கியை இறுக்கிக்கொண்டார். "இதுக்கு உனக்கு யாரு அனுமதி குடுத்தது?"

படகோட்டி கோலைப் பிடுங்கினார்.

கரையேறி ஜீப்பில் உட்கார்ந்த பிறகும் அதிகாரி அந்த ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. எதில் மூழ்கிவிடுவோம் என்று அவர் அப்படிப் பயந்தாரோ, எனக்கு இன்றும் தெரியவில்லை.