முதல் பீஸின் மஞ்சள்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எங்கள் பனியன் பிரிண்டிங் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது டிசைன் ஓடும் நாளில் முதலில் அச்சாகும் பனியனைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, அதன் கீழ் ஓரத்தில் குழைத்த மஞ்சளை ஒரு விரலால் தொட்டு வைப்போம். அந்த ஒரு பீஸை மட்டும் விற்பதில்லை.

கொம்புகளுக்கு நடுவே குருவி உறங்கும் காளை, குழந்தைகள் பனியனுக்காக நான் வரைந்தது. தைப்பூசத்துக்கு மறுநாள் முதலில் ஓடியது. நாள்களை நினைவில் வைத்திருப்பது என் குணம், முக்கியமாக யார் எந்த நாளில் என்ன செய்தார்கள் என்பதை. அன்று என் மனைவியின் தம்பியும் வந்திருந்தான். அவனுக்கு வெள்ளகோவில் பக்கம் சொந்தப் பட்டறை. பூஜைப் பொங்கலை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். செல்போனில் எதையோ படமெடுத்தான். நான் பொருட்படுத்தவில்லை.

ஆடி பிறந்ததும், எங்களுக்கு ஆர்டர் பிடித்துத் தரும் பையிங் ஆபீஸிலிருந்து ஓர் அம்மா பேசினார்.

"சார், அந்தக் காளை உங்க மச்சான் டிசைனாமே? தை மாசமே அவர் பேஜ்ல போட்டிருக்கார். அதைப் பார்த்துத்தான் நீங்க அடிச்சீங்கன்னு சொல்றார். ரிப்பீட் ஆர்டர் யாருக்குன்னு இந்த வாரம் முடிவாகணும்."

நான் என் டிசைனை எங்கும் போட்டதில்லை. தேதியை வைத்தே என்னை அடித்துவிட்டான்.

வழக்குக்குப் போக நேரமில்லை. என் கணினியில் கடிதம் எழுத மட்டும் ஒரு ஏஐ உதவியாளரை வைத்திருந்தேன். அதைக் கடைத் தேடலோடும் சமூக ஊடகக் கணக்குகளோடும் இணைக்கலாம் என்று படித்திருந்தேன். உட்கார்ந்து ஒவ்வொரு அனுமதியாகக் கொடுத்தேன். ஆன்லைன் கடைகளில் தேடலாம், பக்கங்களைப் படிக்கலாம், என்னைக் கேட்டுவிட்டு என் பக்கத்தில் எழுதலாம். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"என் தம்பியப் புடிக்கறதுக்கு மெஷினு வெக்கறீங்களாக்கும்?"

"உன் தம்பிய இல்ல. காளையப் புடிக்க."

"காளைக்குப் பின்னால அவன்தானுங்க வருவான்."

வந்தான். காளையைத் தேடச் சொன்னதும் உதவியாளர் கடை கடையாக அடுக்கியது. எல்லாவற்றிலும் ஒரே படம். எல்லாமே என் மச்சான் போட்ட பதிவிலிருந்து எடுத்தவை என்றும், அதற்கு முந்தைய பதிவு எதுவும் கிடைக்கவில்லை என்றும் சொன்னது. எனக்குத் தெரிந்ததுதான். கடைசியில் வாங்குபவர்களுக்குச் சொல்வதுபோல் ஓர் எச்சரிக்கை இருந்தது: "துணியின் கீழ் ஓரத்தில் மஞ்சள் கறை தெரிகிறது. குறையுள்ள பீஸாக இருக்கலாம்."

அந்தப் படத்தை எத்தனையோ முறை கோபத்தோடு பார்த்திருக்கிறேன். ஓரத்தைப் பார்த்ததில்லை. பிள்ளையாருக்கு முன்னாலிருந்த பனியனை எடுத்துவந்து திரையருகே பிடித்தேன். அதே இடம், அதே சாய்வு. என் பனியனைப் படமெடுத்துப் போட்டுவிட்டு, அதைப் பார்த்து நான் அடித்தேன் என்கிறான்.

பதிவை எழுதச் சொன்னேன். திருடன் என்ற சொல் ஒவ்வொரு வரியிலும் வரவேண்டும் என்றேன். நிரூபிக்க முடிந்ததை மட்டும் எழுதினால் மறுக்க அவருக்கு இடமிருக்காது என்றது உதவியாளர். ஒப்புக்கொண்டேன். இரக்கத்தால் அல்ல. அது இன்னும் ஆழமாக இறங்கும் என்று பட்டது. ஆனால் வாசகத்தை நானே எழுதினேன்.

"மாப்ளைக்கு வணக்கமுங்க. தைப்பூசத்துக்கு மறுநாள் எங்க பட்டறைப் பூஜைக்கு வந்து பொங்கல் சாப்ட்டுட்டுப் போனீங்க. நீங்க படம் போட்ட பனியன் இன்னும் எங்க பிள்ளையாருக்கு முன்னாலதான் இருக்குதுங்க. ஓரத்துல மஞ்சள் வெச்சது உங்க அக்காவுங்க. எப்ப வேணாலும் வந்து பாருங்க."

மனைவி இரண்டு முறை படித்தாள்.

"என்னையும் இழுத்துட்டீங்க."

"நீதான வெச்சே?"

பனியனின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஆமாங்க. நாந்தான் வெச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எங்கள் பனியனையும் படமெடுத்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போடச் சொன்னேன்.

பையிங் ஆபீஸ் அம்மா நேரில் வந்து, செல்போனையும் பனியனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ரிப்பீட் ஆர்டர் எங்களுக்கு வந்தது. அன்று மாலையே மச்சான் கூப்பிட்டான்.

"மாமா, அதை எடுத்துருங்க. எனக்கு மெஷின் குடுக்கறவங்க, நூல் குடுக்கறவங்க எல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டுங்க மாப்ள. பாக்கத்தானுங்க போட்டது."

"சொந்தத்துக்குள்ள இப்படிங்களா?"

"சொந்தம்னுதானுங்க பொங்கல் போட்டோம்."

பதிவை எடுக்கவில்லை. அவன் பக்கத்தைத் தினமும் காலையில் பார்த்துச் சொல்லும்படி உதவியாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஒரு நாள், படம் மாற்றப்பட்டிருக்கிறது, கறை இருந்த ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது என்றது. அது கறை இல்லை என்று பதில் எழுதிவிட்டு, வெட்டிய படத்தையும் பழைய பதிவோடு சேர்க்கச் சொன்னேன். காப்பி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது.

போன வாரம் புது டிசைனுக்குப் பூஜை. மனைவி மஞ்சளைக் குழைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"தம்பியக் கூப்புடட்டுங்களா?"

"கூப்புடு. பொங்கல் நெறைய வை. படமும் எடுத்துக்கட்டும்."

அவள் விரல் பனியனின் ஓரத்துக்குப் போனது.

"அங்க வேண்டாம்" என்றேன். "நடுவுல வை."