இருபத்தொரு இடது கைகள்

நாரின் நகரத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் புருல்சாவை யாருக்கும் பிடிக்காது. நாலு வருஷம் எனக்கும் பிடிக்கவில்லை. கால்வாய் இலாகாவில் மதகு கட்டிக்கொண்டிருந்தவள், இலாகாவை மூடியதும் எங்கள் தலையில் வந்து விழுந்தாள். நாளைக்கு ஆரம்பப் பள்ளியில் எழுத்து சொல்லித்தரப் போகிற பெண்களுக்குப் பொறியியல் கற்பிக்கிறாளாம்! ஓவியம் கற்பிக்கும் என் அறைக்குப் பக்கத்து அறைதான் அவளுக்கு. எந்நேரமும் ஏதாவது தடால் என்று விழும். உடனே பெண்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலைநகரிலிருந்து குழு வரப்போகிறது என்ற சேதி வந்தது. குழு வந்தால் மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஒரு வாரம் ஒத்திகை நடக்கும். கேள்வி கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. ஆசிரியை வலது கைகளை மட்டும் கேட்பாள். குழுவுக்குப் பார்க்க அழகாக இருக்கும். நானே எத்தனையோ வகுப்புக்கு இதைப் பழக்கியிருக்கிறேன்.

இந்த முறை புருல்சாவின் மாணவி உல்கான், இரண்டாம் வகுப்புக்குப் பாலம் கட்டும் பாடம் எடுக்க வேண்டும். பாய் முடையும் புல்தண்டில் பாலம். அது பிள்ளைகள் வைத்து விளையாடும் சின்ன ஆட்டெலும்பு இருபதைத் தாங்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒத்திகையைத் துணை முதல்வர் துராத் தானே முன்னின்று நடத்தினார். பசை போட்டுக் காயவைத்த பாலம் ஒன்றையும் அலமாரியில் ஒளித்துவைத்தார்.

"ஒடிஞ்சுதுன்னா உங்க பாடத்தை அட்டவணையிலேர்ந்தே தூக்கிடுவேன்க்கா."

"ஒடியறதுதான் தம்பி பாடமே. ஒடியாத பாலத்தை வெச்சுக்கிட்டு நான் என்னத்தைக் கிழிக்கிறது?" என்ற புருல்சா, பசைப் பாலத்தை எடுத்து அவர் கண்ணெதிரே கரி அடுப்பில் போட்டாள். அம்மாடி, என்ன நெஞ்சழுத்தம்!

குழு வந்து உட்கார்ந்தது. ஏழாவது எலும்பிலேயே பாலம் சரிந்தது. உல்கானின் முகம் வெளுத்துவிட்டது. புருல்சாவைப் பார்த்தாள். அவளோ ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் ஒடிஞ்சுது? சொல்லுங்க பாப்போம்" என்றாள் உல்கான்.

முப்பது கைகள் எழுந்தன. முப்பதும் இடது கை.

"ஏன் எல்லாரும் இடது கையைத் தூக்குறீங்க?" என்று கேட்டார் குழுத் தலைவி.

முன்வரிசைக் குட்டிப்பெண் எழுந்தாள். "தெரியாதவங்க இடது கை தூக்கணும்னு துராத் ஐயா சொல்லியிருக்காங்க."

துராத் தரைக்குள் புதைந்துபோகாதது ஆச்சரியம். உல்கான் தன் இடது கையை மெல்லத் தூக்கினாள்.

"எனக்குந்தான் தெரியல. வாங்க, எல்லாரும் சேர்ந்து பாப்போம்."

முப்பது தலைகளும் உடைசலின்மேல் கவிழ்ந்தன. மறுபடி கட்டினார்கள். பதினாலு எலும்பு தாங்கியது. மூன்றாவது பாலம் பாதியில் நிற்கும்போது மணி அடித்துவிட்டது. 'பாடத்தின் நோக்கம் நிறைவேறவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குழு போனது.

திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டம், துராத்தைத் தவிர இருபத்தொரு பேர். நடப்புக் குறிப்பு எழுதுவது என் வேலை.

"புருல்சா அக்காவோட பாடத்தை நீக்கச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் துராத். அவர் கேட்டால் எல்லோரும் தூக்குவோம், அதுதான் எங்கள் பழக்கம்.

புருல்சாதான் முதலில் தூக்கினாள். இடது கை! அடுத்து கணக்கு ஆசிரியர், அதுவும் இடது. பின்வரிசை முழுக்க இடது. என் வலது கையில் பேனா இருந்தது. சத்தியமாக அதனால் அல்ல, நானும் இடது கையைத்தான் தூக்கினேன்.

"என்ன விளையாட்டு இது? கை கைதானே! தீர்மானம் நிறைவேறிச்சுன்னு எழுதும்மா!"

"நடந்ததைத்தான் எழுதுவேன் ஐயா" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. 'இருபத்தொரு இடது கைகள்' என்று எழுதி அவர் முன்னால் நீட்டினேன்.

அந்தத் தாள் தலைநகருக்குப் போக வேண்டும்; இடது கைக்கு என்ன அர்த்தம் என்று குழுத் தலைவிக்குத் தெரியும். அவர் கையெழுத்துப் போடவில்லை, இன்றுவரை. கையெழுத்தில்லாமல் எந்தப் பாடத்தையும் நீக்க முடியாது. பக்கத்து அறையில் இப்போதும் தடால் என்று விழுகிறது. நான் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.